அவரவர் மதிப்பெண்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். மூளை மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வரும். அப்படித்தான் எங்கள் துறைத்தலைவரிடம் பந்தயம் கட்டித் தொலைத்தேன்.

கல்லூரியில் நான் எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். கட்டுரை, கதை, நேர்காணல் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். வருகைப் பதிவு கிடையாது. எதைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் சொல்வதில்லை. "எங்கேயிருந்து சுட்டாய்?" என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டு முடிவில் எழுதித் தரும் படைப்புக்கு அவரவரே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை நான் படிப்பேன், பேசுவேன், ஒரு வாக்கியத்துக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுவேன், தொண்டை வற்றக் கத்துவேன். ஆனால் கடைசியில் பேனா அவர்கள் கையில்தான். தான் எழுதியது தேறுமா தேறாதா என்று தனக்கே தெரியாவிட்டால், நான் சொல்லி என்ன ஆகப்போகிறது?

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். என் வகுப்பைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"பதினாலு பசங்கள கண்ண மூடிக்கிட்டு நம்பற. அடுப்புல பால வச்சுட்டு என்னப் பாத்துக்கச் சொன்னா மட்டும் மூணு தடவ போன் பண்ற."

"அவங்க பொங்க விட மாட்டாங்க. நீங்க விடுவீங்க," என்றேன்.

பந்தயம் நடந்தது ஆசிரியர்கள் அறையில், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. தலைவர் சர்க்கரையைக் கலக்கியபடியே, "மேடம் கிளாஸ்ல மார்க்கு பந்தி மாதிரி. வேணுங்கறவங்க வேணுங்கற அளவு போட்டுக்கலாம்," என்றார். அறையே சிரித்தது. வேதியியல்காரர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

"வெளியிலேர்ந்து யாரையாவது கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்க சார். அவங்க போடறதுக்கும் பசங்க போட்டுக்கறதுக்கும் பத்து மார்க்குக்கு மேல வித்தியாசம் வரக் கூடாது. ஒருத்தருக்கு வந்தாக்கூடப் போதும், இந்த முறைய விட்டுடறேன். நீங்க குடுக்கற கேள்வி, நீங்க குடுக்கற விடைக்குறிப்பு, அதையே மனப்பாடம் பண்ண வைக்கறேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. தலைவர் கரண்டியைக் கீழே வைத்து, "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார்.

வகுப்பில் போய் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். போட்டால் நிற்காது. ஆள் வந்தால் நாற்பது பேர் வந்த சத்தம் கேட்கும். அவன் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம். நாங்க பாத்துக்கறோம்," என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்ன பாத்துக்கப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திருத்த வந்தவர் ஒரு பத்திரிகையில் காலமெல்லாம் ஆசிரியராக இருந்து, அடுத்தவர் எழுத்தை வெட்டித் திருத்தியே ஓய்வு பெற்ற அம்மாள். வந்த அன்றைக்கே பிள்ளைகள் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டையான உடம்பு, கட்டையான பேச்சு. பதினான்கு படைப்புகளையும் வாங்கிக்கொண்டு போனார், ஒரு வாரம் வைத்திருந்தார், திருப்பிக் கொண்டு வந்தார். பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்களை ஏற்கெனவே உறையில் போட்டு ஒட்டித் தலைவரிடம் கொடுத்திருந்தார்கள். நானும் அதைப் பார்த்திருக்கவில்லை.

அன்று காலை தலைவரின் அறையில் நாங்கள் மூன்று பேர். அவர் உறையைக் கிழித்தார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது.

கத்தரி அம்மாள் எழுபத்தெட்டு போட்ட பெண் தனக்கு ஐம்பத்தைந்து போட்டிருந்தாள். அறுபத்தொன்பது வாங்கியவன் நாற்பத்தெட்டு. பன்னிரண்டு பேர் இப்படி இருபது இருபதாகக் குறைத்து வைத்திருந்தார்கள். அள்ளிப் போட்டுக்கொள்வார்கள் என்று ஊரே சிரித்த பிள்ளைகள்! கடைசி வரிசைப் பெண் ஒருத்திதான் சரியாக இருந்தாள். தனக்குத் தொண்ணூற்றொன்று போட்டிருந்தாள், அம்மாள் தொண்ணூறு. ரேடியோவின் கதை நேர்மாறு. அவன் நாற்பத்தைந்து போட்டிருந்தான், அம்மாள் முப்பத்திரண்டு. எங்கள் கல்லூரியில் தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

"கூட்டினாலும் வித்தியாசம்தான், குறைச்சாலும் வித்தியாசம்தான்," என்றார் தலைவர். குரலில் பாகு வழிந்தது. "அடுத்த வருஷத்துக்கு விடைக்குறிப்ப அனுப்பி வைக்கறேன் மேடம்."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. தடதடவென்று இரண்டு மாடி இறங்கி வகுப்புக்குள் நுழைந்தேன். பதினான்கு பேரும் பண்டிகை வீட்டுப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்!

"மேடம், ஜெயிச்சாச்சா?" என்றான் ரேடியோ.

"ஜெயிச்சாச்சா? யாரக் கேட்டுடா எல்லாரும் குறைச்சீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ரேடியோதான் வாயைத் திறந்தான். "எல்லாரும் உங்கள ஏமாளின்னு சொல்றாங்க மேடம். பசங்க அள்ளிப் போட்டுப்பாங்கன்னு சொல்றாங்க. அதான் ஆளுக்கு இருபது கழிச்சிடலாம்னு பேசி முடிவு பண்ணோம். உங்கள யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுல்ல?"

நான் திட்ட வாயெடுத்தேன். என்ன பிள்ளைகள் இவர்கள்! என்னைக் காப்பாற்றக் கிளம்பி என்னைக் கவிழ்த்திருக்கிறார்கள். அணைத்துக்கொள்வதா, நாலு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் கத்தினேன்.

"உங்கள நம்பறேன்னு நான் வருஷம் பூரா கத்தினது என்ன, தமாஷுக்கா? எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் கேட்டேனா? உங்க எழுத்த நீங்களே மட்டம் தட்டிட்டு வந்து நின்னா நான் யாரப் போயி நம்பறது?"

கடைசி வரிசைப் பெண் எழுந்தாள். பேசினால் காசு கேட்பார்களோ என்று பயந்தவள்போல் இருப்பவள். "நான் வேணாம்னுதான் சொன்னேன் மேடம். திமிருன்னாங்க," என்றாள். பிறகு, "அந்த அம்மா போட்ட மார்க்கு எங்களுக்கு இன்னும் தெரியாது. அவங்க முன்னாடியே நாங்க நேர்ல வந்து நெசமான மார்க்கச் சொல்லலாமா? ஒவ்வொருத்தரா, வாயால?"

ஆஹா! எனக்குத் தோன்றவே இல்லையே! மார்க் இன்னும் மேலே அறையில்தான் இருக்கிறது. அதைப் பார்த்த ஆள் இந்த வகுப்பில் நான் ஒருத்திதான்.

அங்கேதான் வந்தது வினை. ரேடியோ கையைத் தூக்கினான். "அப்ப எல்லாரும் இப்ப ஏத்திச் சொல்லணும், அதான மேடம்? நானும் ஏத்தணுமா?"

அவன் ஏற்றக் கூடாது. அவன் ஒருவன்தான் இறக்க வேண்டும். அறுபது எழுபது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னானோ, வகுப்பு போச்சு. கண்ணைக் காட்டினால் போதும், புரிந்துகொள்வான். லேசாகத் தலையை ஆட்டினால் போதும். என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு கஷ்டப்பட்டு என் வாயை நான் பூட்டியது அதற்கு முன் இல்லை.

"எனக்குத் தெரியாது. நீ எழுதினது, நீ சொல்லு," என்றேன். திரும்பிப் பார்க்காமல் மாடியேறினேன்.

தலைவர் ஒரே வரியில் மறுத்தார். "இதுக்குள்ள போயி மார்க்க எல்லாம் சொல்லிக் குடுத்துருப்பீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் கத்தரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே என்னைக் கேட்டார். "சொன்னீங்களா?"

"குறைச்சிட்டீங்களேன்னு திட்டினேம்மா. எண் ஒண்ணுகூடச் சொல்லல."

"சரி, அப்ப சொல்லல," என்றார். தலைவரிடம் திரும்பி, "வரச் சொல்லுங்க சார். எழுதினத விட முகத்தப் பாத்துக் கேக்கறது எனக்கு வசதி," என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு பதில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஆள் நம்மை இப்படி நம்பினால் எப்படி இருக்கும் என்று நான் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். எனக்கு நடந்தபோது பேச்சே வரவில்லை.

தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். நான் வெளியே நிற்க வேண்டும்.

நின்றேன். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், மறு வாசல் வழியாக வெளியேறினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நகல் எடுக்கும் இயந்திரம் பக்கத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அதை உதைக்கலாம் போலிருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "இப்ப என்ன பண்றதுன்னே தெரியல," என்றேன். "நானும் இங்க லிஃப்டுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்," என்றார். நல்ல ஆறுதல்!

ரேடியோதான் கடைசி. என்னைக் கடந்து போகையில் ஒன்றுமே பேசவில்லை. அவன் பேசாமல் நடந்து நான் பார்த்ததே கிடையாது. கதவு சாத்திக்கொண்டது. போச்சுடா என்று சுவரில் சாய்ந்தேன். எழுபது என்பானா, அறுபத்தைந்து என்பானா என்று மனம் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தது தலைவர். அவர் முகத்தில் பாகையும் காணோம், சிரிப்பையும் காணோம். உள்ளே வரச் சொன்னார். ரேடியோ மறு வாசலில் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், கையைப் பிசைந்தபடி.

"பதிமூணு பேரு ஒழுங்கா வந்துட்டாங்க. அதிகபட்ச வித்தியாசம் ஏழு," என்றார் தலைவர். ரேடியோவைப் பார்த்தார். "இந்தப் பையன் முப்பதுன்னு சொல்றான்."

முப்பது! அம்மாள் போட்டது முப்பத்திரண்டு! நான் அங்கேயே குதித்திருப்பேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் நின்றேன்.

கத்தரி அம்மாள் அவனிடம், "ஏன் முப்பது? எங்ககிட்ட சொன்னத உங்க மேடம்கிட்டயும் சொல்லு," என்றார்.

"முதல் மூணு பக்கம் நல்லா இருக்கு மேடம். அது எனக்கே தெரியும். அப்புறம் எழுத வரல. எனக்கு எழுத வரலன்னா நான் உங்ககிட்ட வந்துருக்கணும், வரல. பழைய கட்டுரைலேர்ந்து ரெண்டு பக்கம் எடுத்து ஒட்டிட்டேன். எல்லாரும் இருபது கழிச்சப்பகூட நான் பாஸ் மார்க்க விடாம புடிச்சுக்கிட்டேன். உள்ள வரும்போது அறுபதுன்னு சொல்லணும்னுதான் வந்தேன். இந்த அம்மா முகத்தப் பாத்து வாய் வரல."

நான் ஜெயித்துவிட்டேன். வகுப்பு பிழைத்துவிட்டது. அதைப் பிழைக்க வைத்தவன் தோற்றுப்போய் என் எதிரில் நிற்கிறான். இந்தப் பாடத்தை அவன் மறுபடி முழு வருஷமும் படிக்க வேண்டும். பரிந்து பேச வாயெடுத்தேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"ஃபெயில்னு தெரிஞ்சுதாண்டா சொன்னியா?" என்றேன்.

"தெரியாம என்ன மேடம்," என்றான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனாலும் அவன் ரேடியோ ஆயிற்றே, நிறுத்தவில்லை. "அடுத்த வருஷம் நான் வந்து உக்கார ஒரு கிளாஸ் வேணாமா?"