இருநூற்றுப் பன்னிரண்டாம் பேர்

ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதால் ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுசருக்கும் சரி, மெஷினுக்கும் சரி.

1969-ல் விருதுநகர் நூல் மில் ஆபீசில் அட்டையில் துளை போடுவது என் வேலை. மதுரை ஆபீசில் பெரிய கம்ப்யூட்டர். எங்களிடம் அதே குடும்பத்தில் சின்னது. அக்கா மெஷின், தங்கச்சி மெஷின் என்போம்.

என் சொந்த அக்கா அய்யம்மாளும் அதே மில்லில்தான் நூற்றாள். ஆள் பட்டியலில் கடைசிப் பேர், இருநூற்றுப் பன்னிரண்டு. ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். பட்டியலில் ஆளுக்கு ஓர் அட்டை; அவளுடையதை அட்டைக்கட்டிலிருந்து உருவி எடுத்தவள் நான்தான்.

கருமாதி முடிந்த கையோடு அம்மா ஆரம்பித்தாள். "வெள்ளைத்துரை எம்புட்டு நாளைக்குத் தனியாப் பொங்கித் திம்பான்? வேத்தாளு வந்தா பிள்ளையப் பாப்பாளா? அக்கா இருந்த எடத்துல நீ இருந்துட்டுப் போடி." வெள்ளைத்துரை அக்காவின் புருஷன், சிவகாசி வெடி கம்பெனியில் வேலை. நல்ல மனுசன்தான். ஆனால் அவர் பக்கத்தில் என்னை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது.

மார்கழியில் எஞ்சினியர் கனகசபாபதி ஒரு புது அட்டைக்கட்டோடு வந்தார். மெஷினை எழுப்பி மற்ற வேலைகளை ஏவுகிற மூலப் புரோகிராம். அக்கா மெஷினுக்கு எழுதியதையே தங்கச்சிக்கும் கொண்டுவந்திருந்தார். மாற்றியது நாலே நாலு அட்டை. "ஒரே குடும்பம்தானேம்மா, எதுக்கு ரெண்டு தடவை எழுதணும்?" என்றார்.

புதுப் புரோகிராமை ஏற்றிவிட்டு, ஆள் பட்டியலுக்கு இருநூற்றுப் பதினோரு அட்டையை மெஷினில் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அச்சாகி வந்தார்கள். கடைசி வரியில் அய்யம்மாள். பக்கத்தில், ஆஜர்.

ஆத்தாடி! மெஷினை அணைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டேன். மறுபடியும் வந்தாள். பட்டப்பகல் பதினோரு மணிக்கு எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

கனகசபாபதி இரண்டு நாள் குடைந்து பார்த்தார். "மதுரை மெஷின் எழும்பும்போதே தன் ஞாபகத்தைத் தொடச்சுக்கும். அதை நம்பித்தான் எழுதினேன். இது தொடைக்காது, கரண்ட் போனாலும் வச்சிருக்கும். உங்க அக்காவுக்கு அப்புறம் அந்த எடத்துல யாரும் எழுதல. அப்படியே இருக்காங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுலபமான வழி இருக்கு. அந்த எடத்துல வேற ஒரு பேரை ஏத்திட்டா அவங்க மறைஞ்சிருவாங்க" என்றார்.

"வேண்டாம் சார்!" கத்திவிட்டேன். "தொடைக்க மட்டும் எளுதுங்க. யாரு பேரையும் அங்கன போடாதீக."

அதற்கான அட்டையை நானே துளைத்தேன். பட்டியல் இருநூற்றுப் பதினொன்றில் நின்றது. அக்காவை என் கையாலேயே அனுப்பிவிட்டேனே என்று கக்கூஸில் போய் நின்று அழுதேன்.

வீட்டுக்குப் போனால் வாசலெல்லாம் செருப்பு. எனக்குத் தெரியாமலே பரிசத்துக்கு நாள் குறித்து, மச்சான் வீட்டார் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நேரே போய் வெள்ளைத்துரை முன்னால் நின்றேன்.

"மச்சான், பிள்ளைய நான் வளக்கேன். ஒங்களுக்கு வாக்கப்பட மாட்டேன். அது எங்கக்கா எடம். நான் குருவம்மா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளைத்துரை தரையிலிருந்து நிமிராமலே, தணிந்த குரலில் சொன்னார்.

"சரி, அய்யம்மா. நீ சொன்னாச் சரிதான்."

யாரும் அவரைத் திருத்தவில்லை. நானும் 'ம்' என்றுதான் சொன்னேனாம். அம்மா பிறகு சொன்னாள்.