ஜப்பான் பதிப்பில் மட்டும்

அந்தப் படத்தின் ஜப்பான் வட்டை மூன்று முறை காசு கொடுத்து வாங்கி, மூன்று முறையும் உடைத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். எங்கள் ஊர் ஷாம் ஷூய் போ கடைத்தெருவில் பழைய படங்கள் விற்கிற கடைகளை வாரத்துக்கு ஒரு தடவையாவது சுற்றி வருவேன். அந்த உறை கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்வேன். கடைக்காரன் என்னைப் பெரிய ரசிகன் என்று நினைத்திருந்தான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

படம் ஒன்றும் காவியமில்லை. எண்பத்தாறில் எடுத்த போலீஸ் சண்டைப் படம். அதில் கதாநாயகனுக்குப் பதிலாக ஒருவன் மூன்றாவது மாடியிலிருந்து கடையின் துணிக்கூரை மேல் குதிப்பான். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த ஒருவன் நான். என் மனைவி சாவ்லிங் வாடகைக் கடையில் கேசட் எடுத்துவந்து, அந்த இடம் வந்ததும் நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரிகளிடம் "இவருதான்" என்று காட்டுவாள். முதுகு மட்டும்தான் தெரியும். அன்றைக்குக் குதிக்கப்போவது நான் என்று காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். குதிக்கவில்லை என்று மாலையில் சொல்லவில்லை. பொய் சொன்னான் என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இருபத்தாறு வருடங்கள்.

குதித்தது என் நண்பன் பாக். ஆபத்தான காட்சி என்றால் எங்கள் சண்டைக்காட்சிக் குழுவில் இரண்டு பேருக்கு ஒரே உடையும் ஒரே பொய்முடியும் மாட்டிவிடுவார்கள். ஒருவன் குதிக்க, இன்னொருவன் அவனுக்கு ஏதாவது ஆனால் இறங்க. மகள் யீலாம் பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. விளிம்புக்குப் போனேன், கீழே பார்த்தேன், கால் வரவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாக் ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டிப் போய்க் குதித்தான். கூரையின் இரும்புச் சட்டம் அவன் இடுப்பை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் குதிக்கவே இல்லை.

பயந்தவன் என்று பெயர் எடுத்தால் அப்புறம் எந்தக் குழுவும் கூப்பிடாது. பச்சைக் குழந்தைக்காரன் என்று இரக்கப்பட்டு, குழுத் தலைவர் எல்லோர் வாயையும் அடைத்தார். பாக் தன்னை மினிபஸ் இடித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யீலாம், தான் கட்டிக்கொள்ளப்போகிற சிங்லோக்கை முதன்முதலாகச் சாப்பிட அழைத்து வந்தாள். பாக் ஒவ்வொரு ஞாயிறும் எங்களோடுதான் சாப்பிடுவான். அன்றும் கைத்தடியை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். மேசையில் வாத்து வறுவல், அடுப்பில் தாமரைத்தண்டு சூப்பு. பையன் ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"மாமா, உங்க படம். ஜப்பான்காரங்க இப்ப புதுசா டிவிடி போட்டிருக்காங்க. தேடிப் பிடிச்சு வரவழைச்சேன்."

டிவிடி. நான் பழைய வட்டுகளைத் தேடித் தேடி உடைத்துக்கொண்டிருக்க, அவர்கள் புதிதாக ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

"ஒரே படத்தை நாலு நாட்டுப் பதிப்புல வாங்குவாருப்பா இவரு," என்றாள் யீலாம். "நிமிஷக் கணக்கு எழுதி வச்சுக்கிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பாரு. இந்தக் கிறுக்கைத்தான் நான் கட்டிக்கணும்."

"நாலும் நாலு படம் மாதிரி மாமா. இங்கிலாந்துல வந்ததுல தலையால முட்டுற இடமெல்லாம் வெட்டு. தைவான்ல காமெடி பத்து நிமிஷம் கூட. நம்ம ஊர்ப் பதிப்பு வில்லன் விழுந்ததும் பொசுக்குனு முடிஞ்சிடும். ஜப்பான்ல மட்டும்தான் கடைசியில பேரு ஓடும்போது, ஷூட்டிங்ல சொதப்பினது, அடிபட்டது எல்லாம் காட்டுறாங்க."

"சாப்பிட்டுட்டுப் பார்ப்போமே," என்றேன்.

"கடைசி மூணு நிமிஷம்தானேப்பா," என்று யீலாம் போட்டுவிட்டாள்.

பாக் என்னைப் பார்த்தான். நான் வாத்தைப் பார்த்தேன்.

திரையில் பொய்முடி வைத்த ஒருவன் விளிம்புக்கு வந்தான். முழங்கால் நடுங்குவது தெளிவாகத் தெரிந்தது. பின்வாங்கினான், தூணைக் கட்டிக்கொண்டான், அப்படியே சரிந்து உட்கார்ந்தான். முடி முகத்தை மறைத்திருந்தது.

"யாருப்பா அது? இந்த நடுக்கம் நடுங்குறாரு."

நான் வாத்துத் துண்டு ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன்.

"நான்தாம்மா," என்றான் பாக். "அன்னிக்கு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. உங்கப்பா, கின் அண்ணன், குதிக்கலேன்னா படமே நின்னிருக்கும்."

"சித்தப்பா, நீங்களா? தூணை விட்டா அது ஓடிப்போயிடும்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கும் சிரித்தான். நானும் சிரித்தேன். கூசாமல், பல் தெரிய, என் நண்பனைப் பார்த்துச் சிரித்தேன்.

திரையில் இன்னொருவன் ஓடிவந்து குதித்தான். துணி கிழிந்தது, இரும்பு அதிர்ந்தது. நாலு பேர் அவனைத் தூக்குபடுக்கையில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். முடி கழன்றுவிட்டிருந்தது. வேர்த்து வெளிறிப்போன பாக்கின் முகம், இருபத்தெட்டு வயது முகம், காமிராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தியது. அவன் பக்கத்தில் அதே உடையில் ஒருவன், அவனுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுதபடி ஓடினான். அவன் தலையிலும் பொய்முடி இல்லை. என் முகத்தை என் மகளுக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

சிங்லோக் பாவம், "மாமா, இது..." என்று ஆரம்பித்து, தன் கிண்ணத்தைப் பார்க்கத் தொடங்கினான். யீலாம் தொலைக்காட்சியை அணைத்தாள்.

"இவரு குதிக்கிற இடம் வந்துடுச்சா?" என்று சாவ்லிங் அடுப்படியிலிருந்து கேட்டாள். "இருங்க, நானும் வர்றேன்."

யீலாம் நாற்காலியில் தொங்கிய கைத்தடியைப் பார்த்தாள். பிறகு தேநீர்ப் பானையை எடுத்தாள். எங்கள் வீட்டில் முதல் கோப்பை எப்போதும் எனக்குத்தான். அவள் மேசையைச் சுற்றிப் போய் பாக்கின் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் பிடித்து அவனுக்கு ஊற்றினாள். பாக் தலை நிமிராமல் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொன்னான். அடுத்து எனக்கு ஊற்றினாள். எனக்கு விரலைத் தூக்க முடியவில்லை.

"குதிச்சது அவன்தாம்மா," என்றேன். இருபத்தாறு வருடம் தொண்டையில் கிடந்தது அவ்வளவு சின்ன வாக்கியம்தான்.

"பார்த்தேன்ப்பா. நான் அப்ப பதினோரு நாள் குழந்தை, நீங்க பயந்தீங்க. அதை நான் ஏன் தப்பா நினைக்கப்போறேன்?"

பாக், "விடும்மா, பழைய கதை," என்றான். அவள் விடவில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"இப்ப நான் சித்தப்பாவைக் கேலி பண்ணிச் சிரிச்சேன். தெரியாம சிரிச்சேன். நீங்க எப்படிப்பா சிரிச்சீங்க?"

சாவ்லிங் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். என் கோப்பையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.