நாத்தனாரோடு ஒரு வரி

எங்கள் நகரத்தில் குடியேற விரும்புகிறவர்கள் தங்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். வரி விதிக்குப் பொருந்தினால் ஆளும் பொருந்துவார், உள்ளே போகலாம். நான் இரண்டாம் வாசலில் வரிகளைப் பொருத்திப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பத்தொன்பது வருடமாகிறது.

விதி சிறியது. முதலில் ஒரு பெயர், அடுத்து ஓர் இடைவெளி, அடுத்து ஒரு தொழில். இதை ஒரு தகரப் பலகையில் எழுதி முதல் வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதையே அச்சுப் பிசகாமல் நகல் எடுத்து என் வாசலிலும் தொங்கவிட்டார்கள். நகல் எடுத்தவர் கெட்டிக்காரர், ஒரு சின்னப் பிழைகூட விடவில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் வாசலில் இருக்கும் ஜோதிசிவத்தின் தாய்மொழி ஜாவாஸ்கிரிப்ட். என்னுடையது ஜாவா. இரண்டும் கணினிக்காரர்கள் எழுதும் மொழிகள். மொழிகளின் பெயரைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் எங்களை அண்ணன் தம்பியா என்று விசாரிப்பார்கள். எங்களுக்குள் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஜோதிசிவத்தின் மொழியில் பொருத்திப் பார்ப்பது என்றால், விதி சொல்லும் விஷயம் வரிக்குள் எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. தட்டுப்பட்டால் தாராளமாக முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். என் மொழியில் அந்தப் பேச்சே கிடையாது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வரி முழுவதும் விதிக்குள் அடங்க வேண்டும். எதையும் முழுசாகச் செய்யாவிட்டால் எங்கள் வீட்டாருக்குத் தூக்கம் வராது. சாப்பிட வா என்பதையே நாங்கள் நான்கு வாக்கியமாகத்தான் சொல்வோம்.

இரண்டு வாசலுக்கும் நடுவில் நீளமாக ஒரு வராந்தா. முதல் வாசலின் கதவு உள்நோக்கி மட்டும் திறக்கும். அதனால் ஜோதிசிவம் விட்டு நான் விடாதவர்கள் வராந்தாவிலேயே இருந்தார்கள். தெரியாமல் எதையாவது கூடுதலாக எழுதிவிட்டவர்கள், சுவரில் பதித்திருக்கும் டைப் பெட்டியில் வேறு தாள் அடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் என்னைக் கடந்து போய்விடுவார்கள். விட மனமில்லாத ஒன்றை வரியில் வைத்திருந்தவர்கள் மட்டும் தங்கினார்கள். அப்படி முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். கொடிக்கயிறு கட்டினார்கள், ஆளுக்கொரு தூணைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர்கள் பெயருக்கு ஜன்னல் வழியாகத் தபால் வர ஆரம்பித்தது.

ஆபத்சகாயம் என்ற தவில்காரர் வரியில் இரண்டு தவில்களையும் சேர்த்து எழுதியிருந்தார். மருதப்பன் என்ற கொத்தனார் தன் பெயரையும் தொழிலையும் சரியாகவே அடித்திருந்தார். ஆனால் கடைசியில் எண்டர் தட்டியதில் அடியில் ஒரு காலி வரி ஒட்டிக்கொண்டிருந்தது. என் கணக்கில் காலி வரியும் ஒரு சரக்குதான். அதை எடுத்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும் சார். பின்னாடி யாராச்சும் வந்து சேர்ந்தா இடம் வேணும்ல?" என்றார். அவருக்கு முப்பத்தெட்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

தங்கியவர்களில் என்னை அதிகம் பாடுபடுத்தியவர்கள் அஞ்சுகமும் பூங்காவனமும். 'அஞ்சுகம் தையற்காரி நாத்தனாரோடு' என்பது அந்தத் தாள். அஞ்சுகத்தின் புருஷன் இறந்து மூன்று வருடமாகிறது. பூங்காவனம் அவருடைய தங்கை. நகரத்துக்குள் ஒரு தையல் கடையில் அஞ்சுகத்துக்கு வேலை தயாராக இருந்தது.

"நாத்தனாரை எடுத்துட்டு அடிச்சுக் கொண்டாம்மா. இப்பவே முத்திரை குத்தறேன்" என்று முதல் நாளே சொன்னேன்.

"எடுத்துட்டு அவளை எங்க சார் வைக்கிறது?"

"அவங்களுக்குத் தனியா ஒரு தாள் அடிக்கலாமே."

அங்கேதான் சிக்கல். பூங்காவனத்துக்குப் பெயர் இருந்தது, தொழில் இல்லை. சமையல் என்று அடித்துப் பார்த்தாள். தாள் வியர்த்துவிட்டது. உண்மையில்லாததை அடித்தால் தாள் வியர்க்கும், எந்த ஊர்த் தாளானாலும் அப்படித்தான்.

"நான் சொன்னா நம்ப மாட்டியே. இப்ப தாளே சொல்லுது பாரு, நீ வைக்கிறது சாம்பாரே இல்லேன்னு" என்றாள் அஞ்சுகம்.

"பதினோரு வருஷம் அதைத்தான அண்ணி கொட்டிக்கிட்ட?" என்றாள் பூங்காவனம்.

இப்படித்தான் காலையில் ஆரம்பிப்பார்கள். சீப்பை யார் எடுத்தது, குடத்தை யார் திறந்துவைத்தது என்று சாயங்காலம்வரை போகும். எனக்கு எரிச்சலாக வரும். நாத்தனாரைக் கழற்றிவிட வழி கிடைக்காதா என்று ஏங்குகிறவர்கள் நிறைந்த ஊரில், வலிய வந்த வாய்ப்பை இவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று புரியவில்லை. எட்டு மாதம் அப்படியே போயிற்று.

பங்குனியில் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இரண்டு வாசலும் ஒரே விதியை வேறு வேறாக வாசிப்பது தெரிய வந்திருக்கிறது, ஆகவே பலகையில் விதியின் தலையில் ஒரு முளையும் காலில் ஒரு முளையும் அடிக்க வேண்டும் என்று இருந்தது. முளை அடித்துவிட்டால் ஜோதிசிவமும் என்னைப் போலவே தலை முதல் கால்வரை பார்த்தாக வேண்டும். வராந்தாவில் இருப்பவர்கள் தவறுதலாக உள்ளே வந்தவர்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் பொருந்தாவிட்டால் வெளியே அனுப்பிவிட வேண்டும். அப்படிப் போகிறவர்கள் ஏழு வருடத்துக்கு மறுபடி வரி கொடுக்க முடியாது. கதவு உள்நோக்கி மட்டும் திறப்பதால், அதைக் கழற்றித் திருப்பி மாட்ட ஒரு தச்சரை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இரண்டு பலகையிலும் முளை அடித்து முடித்ததும் நான் சுற்றறிக்கையை வராந்தாவில் உரக்கப் படித்தேன். அன்று முழுக்க அஞ்சுகமும் பூங்காவனமும் சண்டை போடவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம், அஞ்சுகம் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்த நேரத்தில் பூங்காவனம் என் ஜன்னலுக்கு வந்தாள். கையில் அவர்களுடைய தாள் இருந்தது. கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தாள். 'அஞ்சுகம் தையற்காரி' மட்டும் மிச்சம் இருந்தது.

"இந்தாங்க சார். அண்ணி எந்திரிக்கிறதுக்குள்ள குத்திடுங்க. நான் எங்கயாவது போய்ப் பொழைச்சுக்குவேன்."

தாளை வாங்கிப் பொருத்தினேன். ஒரு பெயர், ஓர் இடைவெளி, ஒரு தொழில். ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. முத்திரையை எடுத்து மை தொட்டேன். அதற்குள் தாள் என் கையில் ஈரமாகத் தொடங்கியது. எழுத்துகள் ஊறின. மேஜை மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அத்தனை வியர்த்த தாளை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

"பொய்யா இருக்கேம்மா" என்றேன்.

"அவ பேரும் தொழிலும்தான சார் இருக்கு? அதுல என்ன பொய்?"

தாளை அவளிடமே கொடுத்துக் கொடிக்கயிற்றில் காயப் போடச் சொன்னேன். பொருந்திய தாள் ஒன்றை நான் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டு பெண்களையும் சேர்த்து உள்ளே விட்டுவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஆசைப்பட்டேன். எட்டு மாதம் எரிந்து விழுந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

வீட்டில் மாணிக்கவல்லியிடம் சொன்னேன். மாணிக்கவல்லி என் மனைவி, ரூபி என்ற கணினி மொழி பேசும் வீட்டுப் பெண். எங்களுடையது கலப்புத் திருமணம். கொடுக்கல் வாங்கலில்கூடத் தகராறு வரவில்லை, வாசிப்பதில்தான் வரும்.

"முளை அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா எல்லாரையும் அப்படியே விட்டிருப்பேன், எங்க வாசிப்பும் ஜோதிசிவம் வாசிப்பு மாதிரிதான். இப்பவும் ஒண்ணும் குடி முழுகிடல" என்றாள் அவள், வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே.

"எப்படி?"

"உங்களுக்கு முளைன்னா தாளுக்குத் தலையில ஒண்ணு, காலில ஒண்ணு. எங்க வீட்ல ஒவ்வொரு வரிக்கும் தலையில ஒண்ணு, காலில ஒண்ணு. ஒரு தாள்ல பத்து வரி இருந்தாலும் ஏதாவது ஒரு வரி சரியா பொருந்திட்டா தாள் மொத்தமும் உள்ள. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் படிச்சிருக்கோம்."

எங்கள் இலாகாவில் ஒருவர் நோய் விடுப்பில் போனால் அவர் வீட்டிலிருந்து யாராவது வந்து அந்த நாற்காலியில் உட்காரலாம். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவரவர் தாய்மொழியில் வாசிப்பதற்கும் தடை இல்லை. உடனே காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதினேன். கடிதம் வியர்த்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை மூன்று முறை தலைக்குக் குளித்தேன். துவட்டாமல் மொட்டை மாடி வெயிலில் நின்றேன். ஆறு குச்சி ஐஸ் சாப்பிட்டேன். மாணிக்கவல்லி தெர்மாமீட்டரோடு படியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நூற்றிரண்டு டிகிரி. புதிய தாளில் மறுபடி எழுதினேன். தாள் மொடமொடவென்று காய்ந்தே இருந்தது, எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

வெள்ளிக்கிழமை மாணிக்கவல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். வேலையில் இருக்கும்போது நான் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. விடுப்பில் இருப்பவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

தச்சர் முதல் வாசலில் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அஞ்சுகம் மூட்டை கட்டி வைத்திருந்தாள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மூட்டை.

"புதுசா ஒரு தாள் அடிம்மா. தையற்காரிக்கு அப்புறம் ஒரு எண்டர் தட்டு. நாத்தனார் கீழ் வரிக்குப் போயிடுவாங்க. மேல் வரி பொருந்தும். ரெண்டு பேரும் உள்ள போயிடலாம்" என்றேன்.

அஞ்சுகம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்ப் பெட்டி முன்னால் நின்றாள். அப்போது பூங்காவனம் வந்து விசைப்பலகையின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"நான் எதுக்குக் கீழ் வரியில இருக்கணும்? எங்க அண்ணன் குடும்பத்துல நான் கீழயா?"

"எட்டு மாசமா எனக்குப் பின்னாடிதானடி இருந்த? அப்பத் தெரியலையா?"

"பின்னாடி வேற, கீழ வேற!"

தச்சர் இரண்டாவது கீலுக்கு வந்துவிட்டார். எனக்குக் காய்ச்சலில் பல் தந்தியடித்தது. பூங்காவனம் அண்ணன் கல்யாணத்தில் தனக்கு எடுத்த புடவையிலிருந்து ஆரம்பித்தாள். அஞ்சுகம் அதே கல்யாணத்தில் தனக்கு வைக்காத சீரைப் பற்றிச் சொன்னாள். மருதப்பன் நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்து, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றே முக்கால் ஆயிற்று.

"சரி, தொலை. நீயே மேல ஏறி உக்காரு" என்றாள் அஞ்சுகம். 'நாத்தனாரோடு' என்று அடித்தாள். எண்டர் தட்டினாள். அடுத்த வரியில் 'அஞ்சுகம் தையற்காரி' என்று அடித்தாள். தாளை உருவிப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். ஈரமே இல்லை.

மாணிக்கவல்லி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"மேல் வரி பொருந்தல. கீழ் வரி பொருந்துது. ரெண்டு பேரும் போங்கம்மா."

முத்திரை விழுந்த சத்தத்தில் பூங்காவனம் அழுதுவிட்டாள். அஞ்சுகம் அவளை ஒரு கையாலும் மூட்டையை மறு கையாலும் இழுத்துக்கொண்டு இரண்டாம் வாசலைத் தாண்டினாள். தாண்டும்போதே, மூட்டையை நீ தூக்கக் கூடாதா என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு எல்லாரும் எண்டர் தட்டினார்கள். தவில்கள் இரண்டும் தனி வரியில் போயின. மருதப்பன் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, தன் காலி வரியோடு அப்படியே போனார். மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி அந்தத் தாளை மட்டும் வாங்கிப் பார்த்தார். அவர் பைத்தான் மொழி பேசும் வீட்டுக்காரர், வால் பக்கம் ஒரு காலி வரி ஒட்டியிருந்தால் கண்டுகொள்ளாத குடும்பம். தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். நான்கு மணிக்குத் தச்சர் கதவைத் திருப்பி மாட்டி முடித்தபோது வெளியே அனுப்ப யாரும் இல்லை. ஆபத்சகாயம் மறந்து விட்டுப்போன செருப்பை மட்டும் மாணிக்கவல்லி எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமை விட்டது. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் தையல்காரர் தெரு வழியாகப் போனேன். எங்கள் நகரத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் தாளில் உள்ள வரிசைப்படிதான் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மேல் வரிக்கு மேல் மாடி, கீழ் வரிக்குக் கீழ் வீடு. மேல் வரி வேலை முதலில் முடிந்திருந்தது. மாடி பன்னிரண்டடி உயரத்தில், ஜன்னல், கைப்பிடிச் சுவர், நீல வண்ணம் எல்லாம் பூசி முடிந்து நின்றது. அதற்கடியில் மருதப்பன் கீழ் வீட்டுக்கு முதல் வரிசைச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். மழைக்குள் மாடியைத் தொட்டுவிடலாம் என்றார்.

அஞ்சுகம் மாடியின் நிழலில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த சட்டைகளை ஒரு கூடையில் வைத்துக் கயிற்றை ஆட்டினாள். கூடை மேலே போயிற்று. கொஞ்ச நேரத்தில் பட்டன் வைத்த சட்டைகளோடு கீழே இறங்கியது.

"மூணாவது பட்டன் கோணல்" என்று அஞ்சுகம் அண்ணாந்து கத்தினாள்.

"சட்டையே கோணல் அண்ணி" என்று மேலிருந்து பதில் வந்தது. அடுத்த முறை கூடை இறங்கியபோது அதில் எனக்கு ஒரு டம்ளர் மோர் இருந்தது. உப்பு சரியாக இருந்தது. குடித்துவிட்டு டம்ளரைக் கூடையில் வைத்து அனுப்பினேன்.