போதும் என்று சொல்லும்வரை

எங்கள் குப்பத்தில் கெளுத்தி மீன் முள் குத்தினால் செய்வது ஒன்றுதான். செங்கல்லை அடுப்பில் சுட்டு, ஈரத்துணியில் சுற்றி, குத்திய இடத்தில் ஒத்தடம் வைப்போம். சூட்டில் விஷம் இறங்கிவிடும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்றெல்லாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குத்து வாங்கினவன் "போதும், எட்றா பாவி!" என்று கத்துவான். உடனே எடுத்துவிட வேண்டியது. என் அப்பன் கத்தியிருக்கிறான், என் அண்ணன் இருசப்பன் கத்தியிருக்கிறான். கல்யாணமான புதிதில் நானும் ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தியிருக்கிறேன். கத்தாமல் இருந்தவள் ஒருத்திதான். அவள் என் அண்ணி ஆதியம்மாள்.

அவளும் நானும் மீன் விற்கிறவர்கள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு லோகுவின் ஷேர் ஆட்டோவில் ஏறி மாமல்லபுரம் போவோம். நாத்தனாரும் அண்ணியும் இத்தனை வருஷம் ஒரே ஆட்டோவில் போவதைப் பார்த்து ஊரே வயிறு எரிந்தது. நாங்கள் ஒன்றும் கொஞ்சிக்கொண்டு போகவில்லை, போகிற வழியெல்லாம் சண்டைதான். ஆனால் யாராவது நடுவில் புகுந்து அவளை ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் குடலை உருவி மாலை போட்டுவிடுவேன்.

மத்தியான வெயிலில் மணல் கொதிக்கும்போது அண்ணி செருப்பில்லாமல் நடப்பாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. "என் காலு இன்னா உங்க காலு மாதிரியா? லாரி டயருடி இது" என்பாள். நாங்களும் வாயைப் பிளந்து பார்ப்போம். மடச்சிகள். அது பலமில்லை, நோய் என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சொல்லக்கூடியவர் ஒருத்தர் இருந்தார். ஆபிரகாம் டாக்டர். ரோட்டோரத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்து எங்கள் மூன்று தலைமுறையைப் பார்த்தவர். அண்ணி கதவைத் திறக்கும்போதே, "ஆதி, சர்க்கரை மாத்திரை போட்டியா? பொய் சொல்லாதே" என்பார். பொய் அவள் வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். குனிந்து அவள் கால் விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பார். அண்ணி கூச்சத்தில் நெளிவாள். "பானுமதி, நீயும் இவகூட சேர்ந்து நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடிக்கிற. உன்னையும் ஒரு நாள் பாக்கணும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பார்ப்பதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அறை இப்போது காபிக் கடை. சென்னையிலிருந்து காரில் வரும் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள்.

அவர் போனபின் மெடிக்கல் ஷாப் உலகநாதன் கொஞ்ச நாள் அதே மாத்திரையைக் கொடுத்தான். அப்புறம் அண்ணி நிறுத்திவிட்டாள். திட்ட ஆளில்லாத மாத்திரையை யார் விழுங்குவார்கள்?

அரசு சுகாதார நிலையம் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சுஜாதா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், தங்கமான பெண். ஆனால் டாக்டர்? ஒரே டாக்டர் மூன்று ஊருக்கு ஓடுவார். அவரும் நிலையில்லை, இந்த மாதம் வந்தவர் அடுத்த மாதம் இருக்க மாட்டார். எங்களுக்கென்று ஒருத்தரைப் போட்டார்கள். அந்தப் பிள்ளை குடும்பத்தோடு வந்து வாடகைக்கு வீடு தேடினான். இந்த ரோட்டில் யார் மாத வாடகைக்கு வீடு விடுகிறார்கள்? கேட்ட இடத்திலெல்லாம் சனி, ஞாயிறுக்கு இவ்வளவு என்று ரிசார்ட் விலை சொன்னார்கள். வந்த பெட்டியோடு திரும்பிப் போய்விட்டான். அவனைச் சொல்லி என்ன குற்றம்?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய சமயம். கரையில் மீன் மலையாகக் குவிந்து கிடந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு கூடையைத் தட்டிவிட, கொட்டின கெளுத்தி ஒன்றை அண்ணி நேராக மிதித்துவிட்டாள். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நின்றாள். என் அண்ணன் ஓடிவந்து குறட்டால் முள்ளைப் பிடுங்கினான்.

"வலிக்குதாமே?" என்றான்.

"வலியா? எனக்கா? போய் வேலையப் பாரு."

"இப்ப வலிக்காது. விஷம் மேல ஏறினா அப்பால தெரியும். பானு, செங்கல்லு போடு அடுப்புல."

அண்ணியை ஐஸ் பெட்டியின் மேல் உட்கார வைத்து அண்ணன் ஒத்தடம் வைத்தான். அவள் ஒரு கையில் டீயோடு, மீன் விலையைப் பற்றி யாருடனோ வாயாடிக்கொண்டிருந்தாள்.

"சூடு பத்துதா?"

"ஒண்ணியும் தெரில. இன்னும் கொஞ்சம் வை."

அண்ணன் வேறு செங்கல் வாங்கி வைத்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்துக்கங்கடா, ஆம்பள நீங்கல்லாம் கெளுத்தி குத்தினா இன்னா ஆட்டம் ஆடுவீங்க! என் பொண்டாட்டிய பாரு, சிரிச்சிகினு குந்திகினு கீறா." சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அப்போது அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "யார் வூட்லடி கருவாடு சுடறாங்க? வாசனை இங்க வரைக்கும் வருது."

நான் சுற்றிப் பார்த்தேன். எந்த வீட்டிலும் புகையில்லை. அண்ணன் கையைத் தட்டிவிட்டுத் துணியைத் தூக்கினேன். ஐயோ, அந்தக் காலை நான் என்னவென்று சொல்வேன்! தோல் துணியோடு வந்துவிட்டது. அண்ணி டீயைக் கீழே வைக்காமல் குனிந்து அதைப் பார்த்தாள், யாருடைய காலையோ பார்ப்பதைப் போல.

அன்றைக்கே சுஜாதாவிடம் இழுத்துப் போனேன். டாக்டர் அடுத்த ஊரில் இருந்தார். சுஜாதா புண்ணைக் கழுவிக் கட்டினாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"மெஷின்ல நம்பரே வரலக்கா. அவ்ளோ சர்க்கரை. இப்பவே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. லேட் பண்ணினா கால் போயிடும். நான் பயமுறுத்தச் சொல்லல."

"மிஷினு ரிப்பேரு" என்றாள் அண்ணி. வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செங்கல்பட்டுலாம் வேணாம் பானு. பொம்பள உடம்புல சூட்டுக் காயம்னா ஆஸ்பத்திரில போலீசுக்கு சொல்லுவாங்கோ. உங்கண்ணன புடிச்சி உள்ள வெச்சா நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் பயம் பொய்யில்லை. எங்கள் தெருவிலேயே ஒருத்தனைக் கூட்டிப்போய் இரண்டு நாள் விசாரித்தார்கள், அவன் பெண்டாட்டி மேல் எண்ணெய் தவறிக் கொட்டியதற்கு. ஆனாலும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "காலு போனா அந்தாளு உன்ன தூக்கிகினு சுத்துவானா?" என்று நடுரோட்டில் கத்தினேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும். கடைசியில் இங்கே டாக்டர் வருகிற நாளில் காட்டுவதாக ஒத்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. சுஜாதா தடுப்பூசி போட வெளியூர் போயிருந்தாள். டாக்டர் புதுசு, அண்ணியை அன்றைக்குத்தான் பார்க்கிறார். வாசலில் நூறு பேர் வரிசை. நோயாளி மட்டும் உள்ளே என்றார்கள், நான் வெளியே நின்றேன். போன சுருக்கில் திரும்பி வந்தாள், கையில் மாத்திரை.

ஆட்டோவில் ஏறின பிறகுதான் சொன்னாள். "ஆணி குத்திச்சுன்னு சொன்னேன். கட்ட அவுக்காதீங்க சார், இப்பதான் நர்ஸம்மா கட்டினாங்கன்னேன். சுகர் கீதான்னு கேட்டாரு. இருந்திச்சி சார், ஆபிரகாம் டாக்டர் போனதும் அதுவும் பூட்ச்சின்னேன். சிரிச்சிட்டாரு."

"லோகு, வண்டிய திருப்பு!" என்றேன். திரும்பிப் போவதற்குள் டாக்டர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அந்தப் பிள்ளையை நான் திட்டவில்லை. அவர் பார்த்தது ஒரு கட்டுப் போட்ட காலை. ஆபிரகாம் டாக்டர் பார்த்திருந்தால் ஆதியைப் பார்த்திருப்பார். "பொய் சொல்லாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஊரில் ஆளில்லாமல் போய்விட்டது.

அதற்கப்புறம் அவள் என் பேச்சைக் கேட்கவே இல்லை. வலிக்காத காலுக்கு வைத்தியம் எதற்கு என்றாள். கட்டின காலோடு பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு மீன் விற்றாள். ஒரு நாள் சந்தையில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கூடை மேல் சாய்ந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டிலிருந்து வந்த நாற்றத்தில் மீன் வாங்க வந்தவர்கள் விலகி ஓடினார்கள்.

லோகு ஆட்டோவை விரட்டினான். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்தான்.

"யக்கா, ஒரு காலுல செருப்பக் காணோமே! கட்டாந்தரையிலயா ஓடியாந்த? ரத்தம் வருது பாரு."

"அவ உயிரு போய்கினு கீது, உனக்கு செருப்பு ஒரு கேடா? ஓட்றா!"

செங்கல்பட்டில் நன்றாகத்தான் பார்த்தார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் உயிர் நிற்காது என்றார்கள். பெரிய டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது ஆணி இல்ல. யாரு சூடு வெச்சது?" என்று கேட்டார்.

அண்ணி அரை மயக்கத்தில் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என் அண்ணன் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான்தான் சார். போதும்னு சொல்லுவான்னு பாத்துகினே இருந்தேன். சொல்லவேயில்ல சார்."

கடலில் புயலுக்கு அசராத ஆள், அந்த வராண்டாவில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதான். போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போய்விட்டது. எதற்குப் பயந்து காலைக் கொடுத்தாளோ அது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபின் அண்ணி பல நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள், "வூட்ல முன்ரூமு சும்மாதானே கீது. டாக்டருக்கு குடுங்க. வூடு இல்லன்னு எவனும் இனிமே பெட்டி தூக்கிகினு போகக்கூடாது" என்றாள். அண்ணன் அன்றைக்கே சாவியைப் பஞ்சாயத்தில் கொடுத்தான். ஊர் கூடிச் சுண்ணாம்பு அடித்தது, குழாய் போட்டது. பஞ்சாயத்தார் டாக்டரைத் தேடி அலையாத இடமில்லை. கடைசியில் திவ்யா என்று ஒரு டாக்டரம்மா கிடைத்தார். மறைமலைநகரில் வேலை பார்க்கிறவர். புதன்கிழமை தோறும் வருகிறேன், எத்தனை நாளைக்கு முடியும் என்று சொல்ல முடியாது, மேல்படிப்புக்கு இடம் கிடைத்தால் போய்விடுவேன் என்று ஒளிக்காமல் சொன்னார்.

முதல் புதன்கிழமை. அண்ணி வாசற்படியில் ஊன்றுகோலோடு ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் செருப்ப கழட்டு! கால கழுவு! எங்கதி உங்களுக்கு வாணாம்" என்று வருகிறவர்களை விரட்டினாள். அவள் வாய் திரும்பி வந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா கையில் பேனா மாதிரி ஒன்று, அதன் நுனியில் வெள்ளை நைலான் நரம்பு. அண்ணன் உற்றுப் பார்த்தான். "இது நம்ம தூண்டி தங்கூசு மாதிரி கீதே!" ஆமாம் அப்பா, அது காலில் படுவது தெரிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. அண்ணன் காலில் பட்டதும், "ஐய, கூசுது!" என்று துள்ளினான். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து நான். "எனக்கு எதுக்கு? நான் நல்லாதான் கீறேன். மீன் வெயில்ல காயுது" என்றேன். அண்ணி ஊன்றுகோலால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். சரியென்று உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

"படும்போது சொல்லுங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

காத்திருந்தேன். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். என்ன இந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் பண்ணுகிறது என்று எரிச்சலாக வந்தது.

"சீக்கிரம் ஆரம்பிங்க டாக்டரம்மா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அந்த நரம்பு என் பெருவிரலில் அழுந்தி வில்லாக வளைந்து நின்றது.

"பானு..." என்றாள் அண்ணி. ஊன்றுகோல் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. யாருக்கும் பயந்ததில்லை நான், என் காலைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"அடுத்த வாரமும் நீங்கதானே வருவீங்க டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து அடுத்த விரலைத் தொட்டார். தொட்டார் என்பதை நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.