இலைக்கிண்ணத்துத் தண்ணீர்

கருவியின் திரையில் கோடு செங்குத்தாக ஏறி மேல் விளிம்பில் முட்டியபோது, நான்தான் எங்கேயோ சொதப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணி என்னைக் கூப்பிடுவதே ‘சந்தேகம்’ என்றுதான்.

அண்ணி தாவர ஆய்வாளர். பகலில் அவரிடம் உதவி வேலை, மாலையில் வேதியியல் வகுப்பு என்று என் நாள் போகிறது. மழைக்காட்டு மரக்கிளைகளில் ஒட்டி வளரும் செடிகளை எங்கள் கண்ணாடிக்கூடத்தில் வைத்திருக்கிறோம். அவற்றின் இலைகள் கிண்ணம்போலக் கவிந்து தண்ணீரைத் தேக்கிவைத்திருக்கும். செடியின் மேல் கண்ணாடி மூடியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சிக் கருவிக்குள் செலுத்த வேண்டும். பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு இந்தச் செடிகளிலிருந்து வருவதில்லை என்பது அண்ணியின் ஆய்வேட்டின் முடிவு. அன்று காலையில்தான் அந்த ஆய்வேடு பைண்டிங் கடைக்குப் போயிருந்தது. மீத்தேன் இருந்தால்தான் திரையில் கோடு ஏறும்.

வகுப்புக்குப் போகும் அவசரத்தில், மூடுவதற்கு முன் கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்ட மறந்திருந்தேன். கொட்டாவிட்டால் மூடிக்குள் ஆவி படியும். கருவிக்கு ஈரம் ஆகாது. ஊசியை மாற்றினேன். வெறும் மூடியை அளந்தேன்: ஒன்றுமில்லை. அதே செடியின் தண்ணீரைக் கொட்டிவிட்டு அளந்தேன்: கோடு படுத்துவிட்டது. பக்கத்துச் செடியைத் தண்ணீரோடு மூடிக் காத்திருந்தேன். மறுபடியும் ஏறியது. வகுப்பு போயே போயிற்று.

நான் கூப்பிட்டுச் சொன்னதும் அண்ணி சிரித்துக்கொண்டே வந்தார். “என்ன சந்தேகம், ஊசிக்குள்ள ஊதிட்டியா?”

பிறகு அவரே இன்னொரு செடியைத் தண்ணீரோடு மூடி அளந்தார். கோடு ஏறுவதைப் பார்த்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கிண்ணத்தின் அடியில் மக்கிக் கிடக்கும் சகதியில் வாழும் நுண்ணுயிர்கள்தான் இந்த வாயுவை விடுகின்றன என்று, எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

“தண்ணியக் கொட்டணும்னு யாரு சொன்னது?”

“நீங்கதான் அண்ணி. மூடி மங்கலாகுதுன்னு.”

அவர் மூடியைத் தூக்கிக் கிண்ணத்துக்குள் பார்த்தார்.

“குடியிருந்தவங்கள எல்லாம் வெளிய கொட்டிட்டு, வீட்டுல யாருமே இல்லன்னு எழுதி வச்சிருக்கேன்டா.”

நான் அளந்தது தவறாகவே இருந்துவிடக் கூடாதா என்று அப்போதும் ஆசைப்பட்டேன்.

அவருடைய போன் அடித்தது. பைண்டிங் கடைக்காரர். அட்டையில் பொன்னெழுத்து அடித்துவிடலாமா, தலைப்பு இதேதானே என்று அவர் விசாரித்தது எனக்கும் கேட்டது. அண்ணி போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

மேசைக்கடியில், கொட்டிய தண்ணீரெல்லாம் போய்த் தேங்கும் வடிகாலில், பாசிக்கு நடுவே ஒரு குமிழி மெல்ல எழுந்து உடைந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று எழுந்தது.