மூன்றாவது கோப்பு

கணவன் பிரிந்து போய் நான்கு மாதமாகியும், அவள் கணினியைப் போட்டால் அதில் அவனுக்கென்று பிரித்து வைத்திருந்த பகுதிதான் முதலில் திறந்தது. வீட்டிலிருந்தே கட்டிட வரைபடம் வரைகிறவள் அவள். தன் பகுதி முதலில் வரட்டும் என்று எந்தப் பகுதி முதலில் திறக்கும் என்று சொல்லும் தொடக்கப் பட்டியலின் கோப்பைத் திருத்தினாள். கணினி அசைந்து கொடுக்கவில்லை; மறுபடியும் அவன் பகுதியே வந்தது. கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அதுல மூணு பார்ட்டிஷன், அதாவது மூணு பகுதி. ஒவ்வொண்ணுலயும் அந்த ஃபைல் ஒண்ணு இருக்கும். மெஷின் பார்க்காத ஃபைல்ல நீங்க மாத்தியிருக்கீங்க. மூணுலயும் தலைப்புல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. திரையில எந்த நம்பர் வருதோ அதான் ஓடுற ஃபைல்."

கறுப்புத் திரையில் மூன்று வந்தது. அது கணவனின் பகுதியில் இருந்த கோப்பு. கொழுந்தனிடம் சொன்னாள்.

"அப்ப அந்தப் பகுதியை அழிச்சிடாதீங்க அண்ணி. மெஷினே எழுந்திருக்காது." தயங்கிவிட்டு, "அண்ணன் ஏதாவது பேசினாரா?" என்றான்.

"இல்ல."

அந்தப் பகுதியை மொத்தமாகத் துடைத்துவிடத்தான் அவள் நினைத்திருந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த மூன்றாவது கோப்பில், முதலில் திறக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் ஒரே ஓர் எண்ணை மாற்றிச் சேமித்தாள். மறுபடி போட்டதும் அவள் பகுதி திறந்தது. பாதியில் நின்ற மாடிப்படி வரைபடத்தை எடுத்து, ஏழாவது படியிலிருந்து கோடு போடத் தொடங்கினாள்.