ஒரு கரண்டி வெண்ணெய் சாஸ்

மகள் உணவகம் திறந்து மூன்று வருடமாகியும் அப்பா அங்கே சாப்பிடப் போனதில்லை. கோபமெல்லாம் இல்லை, பயம்தான். முப்பது வருடம் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்த்தவர். குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய நாக்கு அது. மகளிடம் போய் எதையாவது உளறிவைக்குமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி விடவில்லை.

மொத்தமே ஆறு மேசை. மகள் பிரெஞ்சு சமையல் படித்தவள், மாப்பிள்ளை கொரியாக்காரர். அவள் வெண்ணெயை உருக்கி சாஸ் வைப்பாள். அவர் அதில் கிம்ச்சி என்கிற, நன்றாகப் புளித்த கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயை அரைத்துச் சேர்ப்பார். மாப்பிள்ளையின் அம்மா அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா ஒரு கரண்டி ருசி பார்த்துத் தலையாட்டாமல் ஒரு தட்டும் வெளியே போகாது. அதில் மகனுக்கும் மருமகளுக்கும் சலுகையே கிடையாது.

அன்றைக்குப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சளி. மூக்கடைத்துப்போய் உப்பா உறைப்பா என்றே தெரியவில்லை. ஆறு மேசையும் நிறைந்திருந்தது. மகள் ஏப்ரனோடு நேரே அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, கொஞ்சம் உள்ள வாங்க. சாஸ் ருசி பார்த்துச் சொல்லணும்."

"ஏங்க, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துடுங்க," என்று மனைவி காதோரம் கெஞ்சினாள். "புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க."

உள்ளே போனவர் ஒரு கரண்டி சாஸைச் சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சினார், நாக்கில் புரட்டினார், பழக்கதோஷத்தில் கழுவும் தொட்டியில் துப்பியும் விட்டார். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. சம்பந்தியம்மா ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார்.

"ஐயோ, அது தேயிலைக்காரங்க பழக்கம், கண்டுக்காதீங்க," என்று மகள்தான் சமாளித்தாள். "நீங்க சொல்லுங்கப்பா."

பொய் சொல்லத்தான் வாயெடுத்தார். வரவில்லை. "புளிப்பு சரி. உறைப்பு சரி. வெண்ணெய் மட்டும் அடியில லேசா கருகியிருக்கும்மா."

மாப்பிள்ளை தொட்டு நக்கிப் பார்த்தார். கட்டிக்கொண்டவளிடம் கற்ற தமிழில், "எனக்குத் தெரியலையே மாமா. யாருக்கும் தெரியாது," என்றார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே அப்பாவின் காது புளித்திருந்தது. ஆகாது என்று அவர் ஒதுக்கிய தேயிலையை மேனேஜர்கள் இதையே சொல்லி நல்லதோடு கலந்து விற்றார்கள். அடுத்து நடக்கப்போவது தெரிந்தவராகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணை மூடி ருசித்தாள். "ஆமா, இருக்கு," என்றாள். பாத்திரத்தைத் தூக்கி மொத்தத்தையும் கொட்டினாள். வெளியே போய், "மன்னிச்சுக்கங்க, சாஸ் சரியா வரலை. புதுசா வைக்கிறேன், இருபது நிமிஷம் ஆகும்," என்று ஆறு மேசைக்கும் கேட்கச் சொன்னாள். இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். அவள் அசரவில்லை, அடுப்புக்குத் திரும்பிப் புது வெண்ணெயை எடுத்தாள்.

பெருமை தாங்காமல், பட்டம் வாங்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்பா மேசைக்கு வந்தார்.

"என்னத்தைச் சொல்லித் தொலைச்சீங்க?"

"கருகியிருக்குன்னு சொன்னேன்."

"பாவி மனுஷா!"

"முப்பது வருஷமா சொன்னேன்டி, ஒருத்தனும் கொட்டலை. என் பொண்ணு கொட்டிட்டா."